சுவருக்கு அந்தப் பக்கம் பதினோரு பீரோ

என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரேஷன் கார்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இருக்கிறது. மகளின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் அம்மா பெயர் என்ற கட்டத்தில் இடம் போதவில்லை. அப்படியும் விட மனசில்லாமல் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினேன். அந்தச் சொல் எனக்குத் தங்குமா, தங்காதா என்று பல்கலைக்கழகம் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறது. அது யோசிக்கிற வேகத்துக்கு நான் பேரன் பேத்தி எடுத்துவிடுவேன். அதற்குள் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பட்டம் வாங்கித் தந்தது ஒரு வளையம். புதுச்சேரியில் லாஸ்பேட்டை தாண்டி ஓர் ஆய்வுக்கூடம், பெயர் வேண்டாம், அங்கே இன்னமும் நல்லவர்கள் சிலர் வேலை பார்க்கிறார்கள். அதன் தரைத்தளத்தில், முதலியார்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலையும் சமையலறையையும் சேர்த்தால் வரும் அளவுக்கு ஓர் அறை. அந்த அறையை அடைத்துக்கொண்டு, இடுப்பு உயரத்தில், ஒரு குழாய் வட்டமாகச் சுற்றி வந்து தன்னையே தொட்டுக்கொண்டு நிற்கும். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவோம். ஓரிடத்தில் சூடேறிய வில்லை ஒன்று எலக்ட்ரான்களைக் கக்கும். வழி நெடுகக் காந்தச் சுருள்கள் அவற்றை வளைத்து வளைத்து விட, அவை சுற்றிச் சுற்றி வரும். பழைய டிவிப் பெட்டியில் பின்பக்கத்திலிருந்து திரைக்குப் பாயுமே, ஏறக்குறைய அதே வேகம்தான். டிவியிலாவது படம் தெரியும். எங்களிடம் அந்த எலக்ட்ரான் கற்றை விழும் திரையில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் தெரியும்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும், கல்லூரி முதல்வர் தொடங்கி ஃபேன் மாட்ட வந்தவர் வரை, ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இவ்ளோதானா?" வெளிநாட்டில் பூமிக்கடியில் பல மைல் நீளத்துக்கு வளையம் ஓடுகிறது என்று எங்கேயோ படித்துவிட்டு வந்திருப்பார்கள். எங்களுடையதைச் சுற்றி வர ஒரு பாட்டுக்கூடப் பாடி முடியாது.

ஆனால் சின்னதாக இருப்பதுதான் அதன் சாமர்த்தியம். எலக்ட்ரான்களுக்கு ஒன்றை ஒன்று பிடிக்காது, கிட்டே வந்தால் தள்ளும். காலை எட்டரை மணிக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து வில்லியனூருக்குக் கிளம்பும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஏற ஏறத் தள்ளுமுள்ளு ஏறும், படிக்கட்டில் தொங்குகிறவர் கதி அதோகதி. துகள்களை நெருக்கி அடைத்து ஓட்டும் பெரிய இயந்திரங்களிலும் இதே கதைதான். ஓரத்தில் இருப்பவை சிதறிக் குழாய்ச் சுவரில் மோதிச் சாகும். அதைப் பெரிய இயந்திரத்திலேயே சோதித்துப் பார்க்கிறேன் என்று போனால் வாட்ச்மேன்கூட உள்ளே விட மாட்டார். மெதுவாக ஓடும் எலக்ட்ரான்களைச் சின்ன வளையத்தில் நெருக்கி அடைத்தால் அதே நெரிசல் இங்கேயே கிடைத்துவிடும். அதை வேண்டிய மட்டும் பார்க்கலாம், கெடுக்கலாம், மறுபடி ஓட்டலாம்.

வளையத்தைக் கட்டியவர் என் கைடு. சார் பிரெஞ்சு வீட்டுப் பிள்ளை. அதாவது நிறம் நம்ம நிறம்தான், பாஸ்போர்ட் அவர்களுடையது. சாப்பாடும் சண்டையும் தமிழில் நடக்கும். சங்கடம் என்று ஒன்று வந்தால் மட்டும் சார் பிரெஞ்சுக்குப் போய்விடுவார். ஏழு வருடத்தில் எனக்குப் பிரெஞ்சு வராமல் போனதற்குக் காரணம், முதல் ஆறு வருடம் எங்களுக்குச் சங்கடமே வரவில்லை.

இவ்வளவு மெதுவாக ஓடும் எலக்ட்ரான்களுக்கு ஒரு குணம் உண்டு. தொட்டாற்சுருங்கி. பூமியின் காந்தப்புலமே அவற்றைத் திசை திருப்பிவிடும். புதுச்சேரியில் அந்தப் புலம் கிட்டத்தட்டத் தரையோடு தரையாக வடக்கே பார்த்துப் படுத்துக் கிடக்கிறது. அதனால் எங்கள் எலக்ட்ரான்கள் கடற்கரைப் பக்கமாகப் போகும்போது கீழே அமுங்கும், மேற்கே திரும்பி வரும்போது மேலே எழும்பும். வெளிநாட்டுக் கட்டுரை எதிலும் இந்தத் தலைவலிக்கு மருந்து இல்லை. சாரும் நானும்தான் சுருள் மேல் சுருளாகச் சுற்றி, அவற்றை நேராக நடக்கப் பழக்கினோம். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு. அதை யாரும் பிடுங்க முடியாது.

அப்படிப்பட்ட பிராணிகளுக்கு அருகில் இரும்பு ஆகாது. ஆகவே எங்கள் அறைக்குள் நுழைவது கருவறைக்குள் நுழைவது மாதிரி. பெல்ட், சாவிக்கொத்து, மொபைல் எல்லாம் வாசலில். என் தாலிச் சங்கிலியால் பிரச்சினை இல்லை, தங்கத்தைக் காந்தம் சீண்டாது. ஹேர்பின்தான் துரோகி. துப்பட்டாவில் குத்தும் ஊக்கும் துரோகி. தினமும் காலையில் வாசலில் நின்று தலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டு, தலைவிரி கோலமாக உள்ளே போவேன். நாற்காலி பிளாஸ்டிக், மேசை மரம். மின்சாரத் துறைத் தலைவர் ஒருவரை, அவர் ஷூவில் இரும்பு ஆணி இருக்கிறது என்று சொல்லி வெறுங்காலோடு உள்ளே வர வைத்தோம்.

முதல் வருடம் இரண்டு மாதம் நான் செய்தது ஒரே வேலை. காந்தப்புலம் அளக்கும் கருவியை ஒரு மூங்கில் குச்சியில் கட்டி, அறை முழுக்க ஒரு சாண் விட்டு ஒரு சாண் நிறுத்தி, எழுதி, நகர்த்தி, மறுபடி எழுதினேன். வடக்குச் சுவர் வரை போய் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அறை வேறு துறையுடையது. அதைத் திறக்க வேண்டுமென்றால் எங்கள் துறைத் தலைவர் அவர்கள் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டும். இருவரும் பேசிக்கொள்வதில்லை. அறை காலி என்று ஜன்னல் இடுக்கு வழியாகத் தெரிந்தது, அதோடு விட்டுவிட்டோம். காந்தப்புலமும் எங்களைப் போலவே துறை எல்லைக்கு மரியாதை கொடுக்கும் என்று இரண்டு இயற்பியல்காரர்கள் நம்பினோம். வேறு எந்த ஊரிலும் இந்தத் தப்பை யாரும் செய்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்வேன்.

அளந்து முடித்து, முதலில் எலக்ட்ரான்கள் குறைவாக உள்ள கற்றையை ஓட்டினோம். காலி பஸ். சில சுற்றுகள் நன்றாக ஓடும், அப்புறம் ஓரம் பிசிறும், பிறகு செத்துவிடும். காலி பஸ்ஸே இந்த லட்சணம் என்றால் கூட்ட பஸ் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே எல்லாவற்றையும் பதிவு செய்தேன். அந்த வேலை முடியும்போது எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு லீவு போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போனேன்.

ஆறேழு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கற்றை பழைய இடத்தில் இல்லை. சுருள்களுக்குப் போகும் மின்சாரத்தை மாற்றி மாற்றித்தான் அதைப் பாதைக்குக் கொண்டுவர முடிந்தது. "மறுபடி மேப் எடுக்கணுமா சார்?" என்று கேட்டேன். கேட்டதை இங்கே பதிவு செய்கிறேன், கேட்ட பிறகு அதை வலியுறுத்தாததையும் பதிவு செய்கிறேன். "மேப்தான் இருக்குதே ம்மா. ஆறு மாசம் சும்மா கெடந்தா எல்லாம் கொஞ்சம் நகரத்தான் செய்யும்" என்றார் சார். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. வீட்டில் குழந்தை பால் குடிக்கிற பிள்ளை. நாலு மணி ஆனால் எனக்கு மார்பு கனத்து வலிக்கும். மூங்கில் குச்சியோடு இன்னும் இரண்டு மாதம் நிற்க எனக்குத் தெம்பு இல்லை.

பிறகு நெரிசலான கற்றையை ஓட்டினோம். அது அற்புதமாக ஓடியது. காலிக் கற்றை செத்துவிழுந்த இடத்தை அலட்சியமாகத் தாண்டி, பிசிறே இல்லாமல், திரும்பத் திரும்பச் சுற்றியது. முதலில் நம்பவில்லை. ஒரு மாதம் தினமும் ஓட்டினோம், தினமும் அதே. ஒரு குறிப்பிட்ட நெரிசலுக்கு மேல் துகள்கள் தங்களைத் தாங்களே கட்டுக்குள் வைத்துக்கொள்கின்றன என்று எழுதினோம். அதாவது பஸ்ஸில் கூட்டம் ஏற ஏறத் தள்ளுமுள்ளு குறைகிறது. வில்லியனூர் பஸ்ஸில் ஒரு நாள் ஏறியவர்கூட இதைக் கேட்டுச் சிரித்திருப்பார். சார் எந்தப் பஸ்ஸிலும் ஏறியதில்லை. நான் ஏறியிருக்கிறேன், இருந்தும் எழுதினேன். பெரிய பத்திரிகை ஒன்று அதைப் பிரசுரித்தது. அந்தக் கட்டுரைதான் என் ஆய்வேடு, ஆய்வேடுதான் என் பட்டம்.

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்தாயிற்று. இன்னும் இரண்டு வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வைவாவில் காட்ட நல்லதாக ஒரு படம் எடுக்கலாம் என்று கற்றையை ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று பச்சைப் புள்ளி ஒரு துள்ளுத் துள்ளி இடம் மாறியது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, மறுபடி துள்ளியது. கரண்ட் சப்ளைதான் கோளாறு என்று அதை ஒருமுறை திட்டினேன். மூன்றாவது துள்ளலின்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து 'கர்ர்ர்' என்று தரையைச் சுரண்டும் சத்தம் காதில் விழுந்தது. கர்ர்ர், ஒரு துள்ளல். கர்ர்ர், இன்னொரு துள்ளல்.

வெளியே ஓடிச் சுற்றிக்கொண்டு போனேன். பக்கத்து அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் லாரி. இரண்டு ஆட்கள் பச்சை நிற இரும்பு பீரோ ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இன்னும் ஆறு பீரோ, எங்கள் சுவரை ஒட்டி, முதுகோடு முதுகாக, மூத்த அதிகாரிகள் மாதிரி நின்றுகொண்டிருந்தன.

"அக்கா, இது இன்னாக்கா?"

"கண்டம் பண்ண பீரோம்மா. பதினொன்னு. ஒரு வழியா கமிட்டி உக்காந்து கையெழுத்து போட்டுச்சி. எத்தினி வருசமா வச்சிகினு காவல் காக்கறது நானு?"

உபயோகம் முடிந்த அரசாங்கப் பொருளுக்குக் கண்டம் என்று பெயர். கண்டமான பொருளைத் தூக்கிப் போட முடியாது. கமிட்டி வந்து, இது கண்டம்தான் என்று சொல்ல வேண்டும். கமிட்டிக்குத் தலைவர் வேண்டும், தலைவர் மாற்றலாகிப் போவார், புதியவர் வருவதற்குள் உறுப்பினர் ஓய்வு பெறுவார். அதுவரை பீரோ எங்கேயாவது நிற்க வேண்டும்.

"எப்பக்கா இங்க கொணாந்து வச்சாங்க?"

அக்காவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "நீ புள்ளப் பெக்கப் போயிருந்தியே, அப்பதான். நீ இருந்தா சத்தத்துக்குக் கத்துவன்னு, நீ இல்லாதப்ப வச்சிட்டோம்."

காலி பஸ்ஸை ஓட்டியபோது பீரோ இல்லை. கூட்ட பஸ்ஸை ஓட்டியபோது பதினோரு பீரோ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குக் காரணம் கூட்டம் என்று உலகத்துக்கே அறிவித்துவிட்டு வந்திருக்கிறேன். உள்ளே வரும் எல்லோருடைய ஊக்கையும் பிடுங்கிய எனக்கு, ஒன்பது அங்குலச் செங்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு டன் இரும்பு நின்றது தெரியவில்லை.

திரும்பி வந்து பார்த்தேன். பீரோக்கள் போகப் போக, என் அற்புதக் கற்றை மற்ற எந்தக் கற்றையும் போலப் பிசிறி, பழைய இடத்திலேயே விழுந்து செத்தது. எங்கள் வளையத்தில் அந்தச் சுவரோரம் இருந்த காந்தம் ஒன்று ஏதோ ஒரு மயிரிழை சாய்ந்திருக்க வேண்டும். பீரோக்கள் வந்து அந்தச் சாய்வுக்கு எதிராகத் தள்ளி, தற்செயலாக அதைச் சரி செய்திருக்கின்றன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. நாங்கள் காக்கையைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிப் பிரசுரித்துவிட்டோம்.

இருந்தாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதே. மறுபடி ஓடிப்போய், "அண்ணே, ரெண்டு பீரோவ மட்டும் திரும்ப சுவத்தோரம் வைங்கண்ணே, ஒரு பத்து நிமிசம்" என்றேன்.

"ஏம்மா, ஏத்தறதா, எறக்கறதா? ஒன்னு சொல்லு" என்றார் மூத்தவர்.

டீயும் வடையும் வாங்கித் தருவதாகச் சொன்னேன். இறக்கினார்கள். கற்றை கொஞ்சம் தேறியது. எடுக்கச் சொன்னேன், சரிந்தது. மறுபடி வைக்கச் சொன்னேன், தேறியது. மூன்று முறை. அதற்குள் அவர்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அக்கா அவர்களிடம், "படிச்ச பொண்ணுப்பா, அப்படித்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். என் ஏழு வருட ஆராய்ச்சியில் ஒழுங்காகச் செய்த ஒரே சோதனை அதுதான். செய்து தந்தவர்கள் இரண்டு லோடுமேன்கள்.

அன்று மதியமே சாரைப் பார்க்க ஒயிட் டவுனுக்குப் போனேன். அவர் வீட்டு மஞ்சள் சுவரில் சாய்ந்தபடி ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. எல்லா நாளும் யாராவது எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போய், உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அலோர்…" என்றார். பிரெஞ்சு வந்துவிட்டது. பிறகு நிதானமாகக் கேட்டார்.

"நீ அளந்தது பொய்யா ம்மா?"

"இல்ல சார்."

"அளந்தப்ப பீம் அப்படித்தான ஓடிச்சி?"

"ஆமா சார்."

"வொலா, அவ்ளோதான். அப்ப இதுல பொய் சொன்னது யாரு?" குரல் இறங்கிவிட்டது. "எனக்கு இன்னும் மூணு மாசம்தான் ம்மா சர்வீஸ். இந்த ரிசல்ட் இல்லன்னா நான் போற அன்னிக்கே ரிங்கையும் பிரிச்சிடுவாங்க. உனக்கு ஏழு வருசம் போவும். யோசிச்சிக்க."

நான் சாரோடு வாதாடினேன், அழுதேன், கதவை அறைந்து சாத்தினேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. யோசிச்சிக்க என்று அவர் சொன்னதை, பேசாதே என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன். பழியில் பாதியை அவரிடமே விட்டுவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து குழந்தைக்குச் சோறு ஊட்டினேன்.

வைவாவுக்கு வெளிமாநிலத்திலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். தங்கமான மனிதர். எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவ்வளவு மெதுவான எலக்ட்ரான்கள் ஆயிற்றே, அறையின் காந்தப்புலத்தை அளந்தீர்களா? "அளந்தோம் சார். சாண் சாணாக, இரண்டு மாதம்" என்றேன். படத்தையும் காட்டினேன். வண்ண வண்ணமாக அழகாக இருக்கும். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று யாருக்காவது வகுப்பு வேண்டுமென்றால் சொல்லுங்கள், அதற்கு மட்டும் எனக்குத் தகுதி குறைவே கிடையாது. எல்லோரும் கை தட்டினார்கள். சமோசா, பால்கோவா, காபி. அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னாத்தையோ சொன்ன, நல்லாத்தான் சொன்ன" என்று என் கன்னத்தைத் தடவினார். அந்தத் தடவல் எனக்கு இன்னும் கூசுகிறது.

சார் ஓய்வு பெற்றார். அவர் போன ஆறாவது மாதம் வளையத்தின் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். அதைக் காப்பாற்றத்தான் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம் என்பதை இங்கே நினைவுபடுத்தி என்னை நானே கிண்டல் செய்துகொள்ளலாம். ஆனால் காப்பாற்றிக்கொண்டது என் பட்டத்தை என்பது எனக்குத் தெரியும். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்தேன். கெஸ்ட் என்றால் விருந்தாளி. எந்த வீட்டு விருந்தாளியும் இத்தனை விடைத்தாள் திருத்தியிருக்க மாட்டார்.

இரண்டு வருடம் போனது. நிரந்தர வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்து, இன்டர்வியூவுக்குக் காத்திருந்தேன். அப்போதுதான் அந்த மெயில் வந்தது.

குளிர்நாடு ஒன்றில் படிக்கும் ஒரு மாணவி. அங்கேயும் எங்களுடையதைப் போலச் சின்ன வளையம் ஒன்று இருக்கிறது. எங்கள் கட்டுரையில் உள்ளபடியே இரண்டு வருடமாகச் செய்து பார்க்கிறாளாம். "உங்களுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. கூட்டினால் சிதறுகிறது, குறைத்தாலும் சிதறுகிறது. வளையத்தை இரண்டு முறை பிரித்துச் சேர்த்துவிட்டேன். எங்கேயோ நான் தவறு செய்கிறேன், அது எது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கவனக்குறைவானவள் என்கிறார் என் கைடு. அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். உங்களுக்கு நேரம் இருந்தால் ஒரு வரி எழுதுவீர்களா?" என்று கேட்டிருந்தாள்.

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்தேன். முகத்தில் யாரோ வெந்நீர் ஊற்றினது போல இருந்தது. அன்று மாலை வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவருக்குப் பீரோ கதை தெரியும், என் வீட்டில் அது ஒரு வேடிக்கைக் கதையாகவே ஆகியிருந்தது. அவர் படித்துவிட்டு, "எழுதத்தான் வேணும். ஆனா இன்டர்வியூ முடியட்டுமே. இத்தினி வருசம் நின்ன பீரோ, இன்னும் ரெண்டு மாசம் நின்னா இன்னா கெட்டுப் போச்சி?" என்றார். நல்ல மனிதர், கெட்ட யோசனை. எனக்குப் பிடித்த யோசனை.

இரண்டு மாதம் என்பது மூன்றாயிற்று. அவளிடமிருந்து இன்னொரு மெயில் வந்தது, முதலாவதைவிடச் சின்னது. பிறகு மூன்றாவது, இரண்டே வரி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு. யாரிடம் யார் மன்னிப்புக் கேட்பது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா! ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, படிக்காத மெயில் என்று குறி போட்டு வைத்தேன். அப்படிச் செய்தால் படிக்காதது போல ஆகிவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

இன்டர்வியூவில், உங்கள் ஆராய்ச்சியின் முக்கியமான கண்டுபிடிப்பு எது என்று கேட்டார்கள். சொன்னேன். தடங்கலில்லாமல், நெரிசல் கூடினால் சிதறல் குறைகிறது என்று, கையை வீசி விளக்கிச் சொன்னேன். வேலை கிடைத்தது. உத்தரவு கையில் வந்து, சேர்ந்து, வருகைப் பதிவேட்டில் பச்சை மையில் என் பெயரைப் பார்த்து ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு மனசாட்சி என்று ஒன்று ஊருக்குத் திரும்பி வந்தது. முதல் மெயில் வந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

முதலில் சாருக்குப் போன் செய்தேன். அவள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். "நான்தான் ம்மா அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ சின்னப் பொண்ணு, நான் பெரியவன். எல்லாத்தையும் எழுது. என் பேரையும் போடு" என்றார். முழுக்கத் தமிழில் சொன்னார்.

அன்றைக்கே எழுதினேன். பத்திரிகைக்கு ஒன்று, கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி. பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளச் சொல்லி. அவளுக்கு ஒன்று. அவளுக்கு எழுதியதுதான் நீளம். பீரோ, லாரி, லோடுமேன், என் பிள்ளைப்பேறு, எதையும் விடவில்லை. கடைசியில் எழுதினேன்: "உன் வளையத்தில் கோளாறு இல்லை. உன் கையிலும் இல்லை. உனக்குக் கிடைத்ததுதான் சரியான விடை. தப்பு முழுக்க என்னுடையது. இதை உன் கைடிடம் காட்டு."

அனுப்பியதும் மனசு லேசாகிவிட்டது. ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட பூரிப்பு. மகளைக் கூட்டிக்கொண்டு பீச்சுக்குப் போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். நல்லவளாக இருப்பது எவ்வளவு சுலபம் என்றுகூட நினைத்தேன்.

பதில் மறுநாள் காலை வந்திருந்தது. நன்றி சொல்லியிருந்தாள். போன மாதம் ஆராய்ச்சியை விட்டுவிட்டதாகவும், தனக்கு அந்த வேலைக்கான கவனம் இல்லை என்று முடிவு செய்துவிட்டதாகவும், இப்போது தன் ஊரில் ஒரு கடையில் வேலை பார்ப்பதாகவும் எழுதியிருந்தாள். என் கடிதத்தைப் பழைய கைடுக்கு அனுப்பிவிட்டாளாம். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள்.

"என் முதல் மெயில் உங்களுக்கு எப்போது கிடைத்தது?"

வேண்டாத மெயில்கள் போய் விழும் பெட்டியில் விழுந்துவிட்டது, நேற்றுத்தான் கண்ணில் பட்டது என்று எழுதினால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும், எனக்கும் இருக்கும். விரல் அந்தப் பக்கம் போகவும் போனது.

நீ அனுப்பிய அன்றைக்கே கிடைத்தது, அன்றைக்கே படித்துவிட்டேன் என்று எழுதி அனுப்பினேன். அதற்கு அவள் பதில் போடவில்லை.